பெரிய ஷோரூமில் ஸ்பீக்கர் வாங்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

முன்பெல்லாம் நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்றால் அதற்கென்றே இருந்த சின்னக் கடையைத் தேடிப் போக வேண்டும். இப்போது டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் அதே ஷோரூமில், அதே ஆஃபர் பலகையின் கீழ், பேர் பெற்ற ஆடியோ பிராண்டுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. அது குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

ஷோரூமில் கேட்கும்போது அருமையாக இருந்த 2.1 செட், வீட்டு ஹாலில் வைத்ததும் ‘கும் கும்’ என்று ஒரே கும்மலாக இருக்கிறது. பாட்டின் வரியே புரியவில்லை. கடையில் சொல்லி வேறு பீஸ் வாங்கினேன், அதுவும் அப்படியே. ஹால் 12 அடிக்கு 10 அடி. டெமோவுக்கு மட்டும் வேறு பீஸ் வைத்து விற்கிறார்களா?
– இரா. மு., திருப்பூர்

பீஸ் ஒன்றுதான். மாறியது அறை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அகப்படும் ஒலி, அந்த நீளத்துக்குப் பொருந்துகிற அதிர்வெண்ணை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான விநாடிக்கு 343 மீட்டரை, அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். உங்கள் 12 அடி என்பது 3.66 மீட்டர், விடை 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வுகள். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் அடியும் பேஸ் கிட்டாரின் கீழ்ச் சுரங்களும் விழுவது சரியாக அந்த இடத்தில்தான். ஷோரூம் 60 அடி நீளம் என்றால் இதே கணக்கில் 9 ஹெர்ட்ஸ் சொச்சம் வரும். நம் காதுக்குக் கேட்பதே 20-க்கு மேல்தான் என்பதால் அங்கே கும்மல் தெரியாது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏசி ஓசை, கூட்டம், பக்கத்தில் அலறும் டிவி இவற்றுக்கு நடுவே அளவான பேஸ் (தாழ்ந்த ஒலி) எடுபடாது. அதனால் இப்படிப்பட்ட கடைகளுக்கு வரும் செட்டுகள் பலவற்றில் பேஸையும் ட்ரெபிளையும் (உயர்ந்த ஒலி) கொஞ்சம் தூக்கியே டியூன் செய்து அனுப்புகிறார்கள். அமைதியான வீட்டில், சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் உள்ள சின்ன ஹாலில், அந்தத் தூக்கல் இரண்டு மடங்காகத் தெரியும்.

சரிசெய்யலாம், காசு செலவில்லை. முதலில் ரிமோட்டில் ‘பேஸ் பூஸ்ட்’, ‘மூவி’, ‘3டி’ என்று என்ன இருந்தாலும் அணைத்துவிட்டு ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘மியூசிக்’கில் வையுங்கள். 2.1 செட்டில் பேஸுக்கென்று தனியாக வரும் பெட்டியான சப்ஊஃபர் மூலையில் இருந்தால் வெளியே இழுங்கள். இரண்டு சுவரும் தரையும் கூடும் மூலைதான் பேஸை அதிகம் ஏற்றும். எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், சப்ஊஃபரை நீங்கள் உட்காரும் சோபா இருக்கும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுவிட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு குனிந்து ஒரு சுற்று வாருங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் கேட்கின்றனவோ அங்கேதான் சப்ஊஃபரை வைக்க வேண்டும். பிறகு அதன் லெவல் குமிழை நடுவிலிருந்து இடப்பக்கம் குறைத்துக்கொண்டே வந்து, ‘பேஸ் தனியாகக் கேட்கவில்லை, பாட்டோடு சேர்ந்திருக்கிறது’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். ஸ்பீக்கருக்குப் பின்புறம் காற்றுத்துளை இருந்தால் சுவரிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். இடமில்லை என்றால், சுத்தமான பருத்திக் காலுறையைச் சுருட்டித் துளையில் லேசாகச் செருகிப் பாருங்கள். கும்மல் கணிசமாகக் குறையும். ஜன்னல் திரையும் தரை விரிப்பும் குரலின் எதிரொலியைக் குறைக்கும், ஆனால் 47 ஹெர்ட்ஸை அவை ஒன்றும் செய்யாது.

கடையில் பத்துப் பதினைந்து ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தோன்றுகிறது. எப்படித்தான் தேர்ந்தெடுப்பது?
– ஜெ. ப., மதுரை

கடையின் டெமோ கிளிப்பை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். இடி, ஹெலிகாப்டர், கண்ணாடி உடைவது எல்லாம் எந்த ஸ்பீக்கரிலும் பிரமாதமாகவே இருக்கும். அசலில் எப்படி ஒலித்தது என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா? நீங்கள் வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய நான்கைந்து பாடல்களை பென் டிரைவிலோ போனிலோ தரவிறக்கி எடுத்துப் போங்கள். போனில் என்றால் ஆக்ஸ் வயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வயரிலும் மற்றதை புளூடூத்திலும் கேட்டால் ஒப்பீடே தப்பாகிவிடும்.

இசை இல்லாத வெறும் பேச்சும் ஒன்று இருக்கட்டும். ஆண் குரலில் செய்தி வாசிப்பு நல்ல சோதனை. குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் பெட்டியின் பலகை அதிர்கிறது என்று பொருள். பெண் குரலில் ‘ச’, ‘ஷ’ வரும் இடங்களில் ஊசிபோல் குத்தினால், உயர்ந்த ஒலிகளைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் சரியில்லை. ஒரு மணி நேரத்தில் காது களைத்துவிடும். நாகஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு பதிவு இருந்தால் இன்னும் நல்லது. தவிலின் குச்சி அடியும், வலந்தலையில் விரல் கூடு தட்டும் கூர்மையான ஓசையும் தனித்தனியாகப் பிரிந்து கேட்க வேண்டும். இரண்டும் கலந்து ஒரே தடதடப்பாக வந்தால், விலை எதுவானாலும் அடுத்ததைப் பாருங்கள்.

இனி பலரும் தவறவிடும் இடம். இரண்டு ஸ்பீக்கர்களில் ஒன்று 1 டெசிபல் (ஒலி அளவின் அலகு) கூடுதலாகப் பாடினாலே, ‘இது சத்தமாக இருக்கிறது’ என்று நமக்குத் தோன்றாது. ‘இது நன்றாக இருக்கிறது’ என்றுதான் தோன்றும். விற்பனையாளர் விற்க நினைக்கும் பெட்டிக்கு வால்யூமை ஒரு புள்ளி ஏற்றி வைத்தால் போதும், கேட்பவர் ஏமாந்துவிடுவார். ஒலி அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். ‘பிங்க் நாய்ஸ்’ என்ற சீரான இரைச்சலை இயக்கி, ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னே 1 மீட்டர் தூரத்தில் போனைப் பிடித்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்படி வால்யூமைச் சரிசெய்த பிறகு பாட்டைப் போடுங்கள். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாமல் போகலாம். ஒப்பிடுவதற்கு அது தடையில்லை. ட்வீட்டர் உங்கள் காது உயரத்துக்கு வரவேண்டும். மேல் தட்டில் இருப்பதைக் கீழே இறக்கி வைக்கச் சொல்லுங்கள். கடைசியில், இரவு பத்து மணிக்கு வீட்டில் கேட்கும் அளவுக்கு வால்யூமைக் குறைத்தும் கேளுங்கள். குறைந்த ஒலியிலும் குரல் தெளிவாக நிற்கிறதா என்பதே கடினமான பரீட்சை.

வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போனால் இத்தனையும் செய்ய விடுவார்கள். ஞாயிறு மாலை வாய்ப்பில்லை. உங்களுக்கு விளக்குபவர் கடை ஊழியரா, ஒரு பிராண்டு சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கும் புரமோட்டரா என்பதை அவர் சட்டையில் உள்ள பெயரைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். புரமோட்டருக்குத் தன் பொருளைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கும். எதிர் பிராண்டைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்க வேண்டாம்.

1000 வாட்ஸ் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி சவுண்ட்பார் வாங்கினேன். நண்பர் வீட்டில் உள்ள பழைய 50 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) இதைவிடப் பலமாகப் பாடுகிறது. இது எப்படி?
– சு. வே., சேலம்

அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு அடாப்டரைப் பாருங்கள். 19 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 57 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான். உள்ளே இருக்கும், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி-கிளாஸ் வகை ஆம்ப் அதில் 85 சதவீதத்தை ஒலிக்குத் தந்தாலும் தொடர்ச்சியாக 48 வாட்ஸுக்கு மேல் வர வழியில்லை. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கண்டென்சரில் சேர்ந்த மின்சாரத்தால் கணநேரம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவே. நேரடியாகப் பிளக்கில் செருகும் மாடல் என்றால் பின்தட்டில் ‘230வி, 50 ஹெர்ட்ஸ்’ என்பதற்குப் பக்கத்தில் உள்ள வாட்ஸ் எண் ஓரளவு உண்மை சொல்லும்.

பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்ஸ்) என்று போட்டிருந்தால் அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறையே கிடையாது. நினைத்த எண்ணைப் போடலாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் வாட்ஸ்) என்று இருந்தாலும் அதன் கீழே சின்ன எழுத்தில் ‘10% டி.எச்.டி.’ என்று இருக்கிறதா பாருங்கள். பத்தில் ஒரு பங்கு ஒலி சிதைந்த நிலையில் அளந்த எண் அது. இந்த வாட்ஸ் போட்டி இன்று நேற்று வந்ததல்ல. அமெரிக்காவில் இது தாங்க முடியாத அளவுக்குப் போய், 1974-ல் அங்குள்ள வர்த்தக ஆணையம் ஆம்ப் விளம்பரங்களில் வாட்ஸை எப்படி அளந்து போடவேண்டும் என்று விதியே கொண்டுவந்தது.

ஸ்பீக்கரில் வாட்ஸைவிட முக்கியம் சென்சிடிவிட்டி. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று போட்டிருப்பார்கள். 3 டெசிபல் கூட வேண்டுமானால் ஆம்ப் இரண்டு மடங்கு வாட்ஸ் தர வேண்டும் என்பதால், 90 டெசிபல் ஸ்பீக்கரை 50 வாட்ஸில் ஓட்டுவதும் 87 டெசிபல் ஸ்பீக்கரை 100 வாட்ஸில் ஓட்டுவதும் ஒன்றே. அளந்தது ‘2.83 வோல்ட்’டில் என்று இருந்தால் ஓம்ஸையும் (ஸ்பீக்கரின் மின்தடை) சேர்த்துப் பார்க்க வேண்டும். 8 ஓம்ஸில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம்ஸில் அதுவே 2 வாட்ஸ். எனவே 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 89 என்று போட்டிருந்தால் அதை 86 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குறைந்த வாட்ஸ் ஆம்பை முழு வால்யூமில் திருகி, குரல் கரகரக்க ஆரம்பித்த பிறகும் ஓடவிடுவதுதான் ட்வீட்டர் எரிந்துபோக முக்கியக் காரணம். சிதைந்த ஒலியில் மேல் அதிர்வெண்கள் பெருகி, சில வாட்ஸே தாங்கும் ட்வீட்டரின் மெல்லிய கம்பிச்சுருளான காயிலைச் சுட்டுவிடும்.

ஒரே பிராண்டு, ஒரே தோற்றம். ஆடியோ கடையில் 32,000 சொல்கிறார்கள், சங்கிலி ஷோரூமில் 24,000. மாடல் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. ஷோரூமில் வாங்குவதுதானே புத்திசாலித்தனம்?
– லெ. நா., சென்னை

அந்த ஓர் எழுத்துதான் விஷயமே. ஒரே பொருளை இரண்டு இடத்திலும் வைத்தால், வாடிக்கையாளர் ஆடியோ கடையில் அரை நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு ஷோரூமில் போய் வாங்குவார். சின்ன டீலர் வெறுத்துப்போய் அந்த பிராண்டையே நிறுத்திவிடுவார். அதைத் தவிர்க்கத்தான் பிராண்டுகள் பெரிய சங்கிலிக்கென்று தனி எண் கொடுத்துத் தனி மாடல் செய்கின்றன. ‘வேறு கடையில் குறைந்த விலை காட்டினால் அதே விலைக்குத் தருவோம்’ என்ற அறிவிப்பும் இங்கே செல்லாது. வேறு கடையில் அந்த எண் இருந்தால்தானே!

சில சமயம் வித்தியாசம் நிறத்திலும் முன் வலையிலும் மட்டுமே இருக்கும். அப்போது ஷோரூம் மாடல் நல்ல லாபம். சில சமயம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தி வைத்திருப்பார்கள். முதலில் கை வைப்பது, ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது என்று பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில். பேஸ் பாடும் ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனியே காயில், கண்டென்சர் வைத்துப் பிரித்திருந்ததை எடுத்துவிட்டு, ட்வீட்டருக்கு மட்டும் ஒரே ஒரு கண்டென்சர் போட்டு முடித்துவிடுவார்கள். ஊஃபர் தன் எல்லைக்கு மேலும் பாடிக்கொண்டே இருக்கும், குரல் கரடுமுரடாகும். அடுத்து பலகை: 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய பலகை) 12 ஆகும், உள்ளே இருந்த குறுக்குச் சட்டம் போய்விடும்.

வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டு. இரண்டு மாடல்களின் எடையை முதலில் ஒப்பிடுங்கள். அளவு ஒன்றாக இருந்து எடை ஒரு கிலோவுக்கு மேல் குறைந்தால் பலகையிலோ காந்தத்திலோ ஏதோ போயிருக்கிறது. கிராஸ்ஓவர் அதிர்வெண், சென்சிடிவிட்டி, வாரண்டி ஆண்டு மூன்றும் அடுத்து. பக்கப் பலகையின் நடுவில் விரல் முட்டியால் தட்டினால் ‘டொக்’ என்று அடங்க வேண்டும்; ‘டங்’ என்று நீண்டால் உள்ளே சட்டம் இல்லை. பின்னால் வயர் மாட்டுமிடம் திருகும் வகையா, பிளாஸ்டிக் கிளிப்பா என்பதும் ஒரு குறிப்பு. இத்தனையும் ஒன்றாக இருந்தால் 24,000 கொடுத்துத் தயங்காமல் வாங்குங்கள். மிச்சத்தில் 1.5 சதுர மி.மீ. செம்பு வயர் வாங்கலாம். 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 10 மீட்டர் வரை அது தாராளம். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும்.

அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற பிராண்டுகளின் பெயர் இப்போது ஆயிரம் ரூபாய் புளூடூத் ஸ்பீக்கரில் வருகிறதே?
– அ. ச., நாகர்கோவில்

1968-ல் அமெரிக்காவில் தொடங்கிய இன்ஃபினிட்டி, ஆள் உயரத்தை மிஞ்சும் ஸ்பீக்கர்களுக்குப் பேர் போனது. பிறகு ஜே.பி.எல். இருக்கும் ஹார்மன் குழுமத்துக்குப் போனது. அந்த ஹார்மனையே 2017-ல் சாம்சங் வாங்கிவிட்டது. இந்தியாவில் இன்று அந்தப் பெயர் கையடக்க ஸ்பீக்கர்களிலும் இருக்கிறது. பெயரை மட்டும் உரிமத்துக்கு வாங்கி வேறொரு நிறுவனம் தயாரிப்பதும் சாதாரணம். கோடக் பெயரில் இங்கே டிவி வருவது அப்படித்தான். பெயரைப் பார்க்காமல், பெட்டியின் அடியில் ‘தயாரிப்பாளர்’, ‘இறக்குமதியாளர்’ என்று யார் முகவரி இருக்கிறது என்று பாருங்கள். பழுதானால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே.

நாங்கள் சிறிய அளவில் டவர் ஸ்பீக்கரும் புளூடூத் ஸ்பீக்கரும் செய்து உள்ளூர்க் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பெரிய சங்கிலி ஷோரூம்களில் வைக்க என்ன வேண்டும்? 14,000-க்கு விற்றால் நம் கைக்கு என்ன வரும்?
– ப. கு., கோவை

கணக்கிலிருந்து தொடங்குவோம். 14,000-ல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைப் பிரித்தால் 11,864. கடையின் மார்ஜின் உதாரணத்துக்கு 20 சதவீதம் என்றால் 9,491. நடுவே விநியோகஸ்தர் இருந்து 5 சதவீதம் எடுத்தால் உங்களுக்கு 9,016. இதிலிருந்துதான் லாரி வாடகை, புரமோட்டர் சம்பளம், டெமோ பீஸ், பண்டிகைக் கால ஸ்கீம், வாரண்டி, திரும்பி வரும் சரக்கு எல்லாம் போக வேண்டும். தயாரிப்புச் செலவு 9,000-க்கு அருகே இருந்தால் அந்தக் கதவைத் தட்டவே வேண்டாம்.

காகித வேலையில் நான்கு முக்கியம். புளூடூத் ஸ்பீக்கருக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) கட்டாயப் பதிவு வேண்டும். அந்த ‘ஆர்’ எண் பொருளின் மேல் இருக்க வேண்டும். ஜி.எஸ்.1 இந்தியாவிடம் பார்கோடு வாங்க வேண்டும், 890 என்று தொடங்கும். எம்.ஆர்.பி., தயாரித்த மாதமும் ஆண்டும், முகவரி, புகார் எண் ஆகியவை எடையளவுச் சட்ட விதிப்படி பெட்டியில் அச்சாக வேண்டும். குறு நிறுவனம் அல்ல என்றால், மின்னணுக் கழிவு விதிகளின்படி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிய வேண்டும்.

புதிதாகப் போகிறவர்கள் அடிபடும் முதல் இடம் பேக்கிங். உள்ளூர்க் கடைக்கு உங்கள் ஆட்டோவில் பத்திரமாகப் போன பெட்டி, சங்கிலியின் கிடங்கில் குறைந்தது நான்கு கை மாறும். ‘இஸ்டா 1ஏ’ என்ற பேக்கிங் சோதனையில், கீழே விட்டுப் பார்க்கும் பகுதியை நீங்களே செய்து பார்க்கலாம்: 9.5 கிலோவுக்குக் குறைந்த பெட்டி என்றால் 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை விட வேண்டும். முதலில் பலவீனமான ஒரு மூலை, அந்த மூலையில் கூடும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். முடிந்ததும் பெட்டியைத் திறந்து ஊஃபரின் திருகுகளையும் காந்தத்தையும் பாருங்கள். கனமான காந்தம் நகர்ந்து காயில் உரசுவதுதான் வழக்கமாக நேரும் சேதம். வெளியில் ஒரு கீறலும் இருக்காது.

இரண்டாவது இடம் பணம். ஒப்பந்தத்தில் ‘விற்காத சரக்கு திருப்பம்’, ‘விலைப் பாதுகாப்பு’ (விலை இறங்கினால் வித்தியாசத்தை நீங்கள் ஈடுகட்டுவது) என்ற இரண்டு பத்திகளையும் வக்கீலை வைத்துப் படியுங்கள். உங்கள் சரக்கு மூன்று மாதம் கழித்துப் பிரித்த பெட்டிகளாகத் திரும்பி வந்து, தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொள்ளும் டெபிட் நோட்டோடு நிற்கும். உத்யம் (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) பதிவு செய்த சிறு, குறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் காலக்கெடுவில் கொடுக்காமல் ஆண்டு முடிவிலும் பாக்கி நிற்கும் தொகையை, சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. எனவே உங்கள் உத்யம் எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிடுங்கள். முதலில் இரண்டு மூன்று கிளைகளில் மட்டும் வைக்கக் கேளுங்கள். எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நேரத்தில் சரக்கு நிரப்பினால், உங்கள் முதல் முழுவதும் அடுத்தவர் தட்டில் உட்கார்ந்திருக்கும்.

அமெரிக்க ஆடியோ நிறுவனமான போஸ் தன் கடைகளை மூடியதாகப் படித்தேன். தனி ஆடியோ கடைகளின் காலம் முடிந்துவிட்டதா?
– வீ. க., தஞ்சாவூர்

2020 ஜனவரியில் வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியாவில் இருந்த 119 சொந்தக் கடைகளை மூடுவதாக போஸ் அறிவித்தது. இந்தியக் கடைகள் அந்தப் பட்டியலில் இல்லை. ஹெட்போனும் புளூடூத் ஸ்பீக்கரும் இணையத்தில் வாங்கும் பொருளாகிவிட்டதே காரணம்.

அமெரிக்காவில் இந்தக் கதை கொஞ்சம் சுற்றி வந்த கதை. அங்கே மின்னணுப் பொருள் விற்பதில் முதன்மையாக இருக்கும் பெஸ்ட் பை, 1966-ல் மினசோட்டாவில் ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ என்ற ஆடியோ கடையாகத்தான் பிறந்தது. 1981-ல் சூறாவளி அதன் ஒரு கிளையைச் சிதைத்தது. மிஞ்சிய சரக்கை வாகன நிறுத்தத்தில் குவித்து மலிவு விலைக்கு விற்றதில் கூட்டம் அலைமோத, 1983-ல் பெயரையும் கடையின் போக்கையும் மாற்றிக்கொண்டார்கள். அதே நிறுவனம் 2000-ல் மேக்னோலியா என்ற உயர்தர ஆடியோ கடையை வாங்கி, பின்னர் தன் பெரிய கடைகளுக்குள்ளேயே அந்தப் பெயரில் தனி அறைகள் அமைத்தது. சத்தமான மண்டபத்தில் விலை உயர்ந்த ஸ்பீக்கரை விற்க முடியாது, கதவு மூடிய ஓர் அறை வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும். போட்டியாளரான சர்க்யூட் சிட்டி 2009-ல் மூடப்பட்டது. நம் ஊரிலும் ஏவி ரிசீவர், டவர் ஸ்பீக்கர், வீட்டுத் தியேட்டர் என்று வரும்போது ஆள் அனுப்பிப் பொருத்தித் தரும் சின்னக் கடைக்கு வேலை இருந்துகொண்டேதான் இருக்கும்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். இங்கே கடையில் பாதி விலைக்கு ஸ்பீக்கரும் சப்ஊஃபரும் கிடைக்கின்றன. ஊருக்கு எடுத்து வரலாமா?
– தி. ரா.

ஆம்ப் இல்லாத சாதாரண ஸ்பீக்கர் என்றால் தாராளமாக. அதற்கு நாடு கிடையாது. யு.எஸ்.பி.யில் சார்ஜ் ஆகும் புளூடூத் ஸ்பீக்கருக்கும் தடையில்லை. சப்ஊஃபரும் சவுண்ட்பாரும்தான் சிக்கல். பின்தட்டில் ‘100–240வி’ என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். ‘120வி, 60 ஹெர்ட்ஸ்’ என்று மட்டும் இருந்தால், நம் 230 வோல்ட்டில் செருகிய நொடியில் உள்ளே கண்டென்சர் வெடிக்கலாம். வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். பின்தட்டில் 150 வாட்ஸ் என்றால் 300 வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) வாங்குங்கள். 60 ஹெர்ட்ஸுக்கென்று அளவாகச் செய்த உள் டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடாகும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். விலை வித்தியாசத்தை அதையும் சேர்த்து எடை போடுங்கள்.

ஷோரூமில் டிஸ்ப்ளேயில் இருந்த ஸ்பீக்கர் ஜோடியை 40 சதவீதம் குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா?
– மு. ஷெ., திண்டுக்கல்

சோதித்துப் பார்க்க விட்டால் வாங்கலாம். முன் வலையைக் கழற்றி, ஊஃபர் கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். சத்தமில்லாமல் போய் வர வேண்டும். ‘சர்’ என்று உரசினால் காயில் போயிருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா ஃபோமா என்று பாருங்கள். ஃபோம் நம் ஊர் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டில் பொடிந்துவிடும், ரப்பர் அதைவிட நெடுநாள் நிற்கும். பிறகு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து, ப்ளஸ் முனையைச் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் கணநேரம் தொடுங்கள். இரண்டு பெட்டியிலும் கூம்பு வெளியே தள்ள வேண்டும். ஒன்றில் உள்ளே போனால், யாரோ ரிப்பேர் செய்து வயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அந்த ஜோடியில் பேஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். கடைசியாகப் போனிலிருந்து 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியைக் குறைந்த வால்யூமில் ஓட்டி, எங்காவது பலகையோ திருகோ கிரீச்சிடுகிறதா கேளுங்கள்.

டிஸ்ப்ளேயில் ட்வீட்டர்தான் அதிகம் அடிபடும்; குழந்தைகள் விரலால் குத்தியிருப்பார்கள். துணி டோம் உள்ளே அமுங்கியிருந்தால், ஓசை சரியாக இருந்தாலும் இன்னும் கொஞ்சம் விலை குறைக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இரண்டு பெட்டியிலும் உள்ள சீரியல் எண்கள் பில்லில் எழுதியவற்றோடு ஒத்துப்போகட்டும். பில்லில் ‘டிஸ்ப்ளே பீஸ்’ என்பதோடு, வாரண்டி பில் தேதியிலிருந்து தொடங்குகிறது என்பதையும் எழுதி முத்திரை வாங்குங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லும்போது அந்த ஒரு வரிதான் உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.